சமைக்காத உணவில் உடல் நிறையைக் காப்பது: தேங்காயை நிறுத்துத் தொடங்குங்கள்

தை மாதம் தொடங்கி ஐந்து மாதங்கள் அடுப்பில் ஏறாத உணவை மட்டுமே உண்டு பார்த்தேன். முதல் ஆறு கிழமைகளில் என் நிறை 5 கிலோ குறைந்தது. அடுத்த பத்துக் கிழமைகளில் அதில் 3 கிலோ திரும்பி வந்து சேர்ந்தது. அந்த இரண்டாம் கட்டத்திலும் ஒரு பிடி சோறோ, ஒரு துண்டுப் பாணோ, ஒரு கரண்டிச் சீனியோ நான் தொட்டதில்லை ஆகையால், தராசு பழுதாகிவிட்டதென்றே முதலில் நினைத்தேன். பழுது தராசில் இல்லை, தேங்காய் துருவும் திருவலையில் இருந்தது.

எங்கள் ஊரான திருகோணமலையில், வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போய்வருகின்ற வீடுகளில் அருச்சனைத் தேங்காயின் பாதிகள் எப்போதும் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். சமைக்காத உணவு உண்பவன் நான் ஒருவனே என்பதால், எங்கள் வீட்டில் அவை யாவும் என் பங்குக்கு வந்துவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சந்தேகம் தட்டி, ஒரு பாதியை முழுவதும் துருவி அந்தப் பூவைச் சமையல் தராசில் போட்டேன்: 140 கிராம். முற்றிய தேங்காயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி உண்டு. (பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியையே, இங்கும் அப்படியே எழுதுகிறேன்.) ஆகவே அந்தப் பாதி 490 கலோரி, அதாவது ஏறக்குறைய 375 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றுக்கு ஈடு. காலையில் முளைப்பயறோடு ஒரு பங்கு, மதியம் கெக்கரிக்காய்ச் சம்பலில் ஒரு பங்கு, இரவில் வாழைப்பழத்தோடு ஒரு பங்கு, துருவும்போது வாயில் போட்டுக்கொண்ட சொட்டுகள் வேறு என்று கூட்டிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு முழுத் தேங்காய் ஒன்றை, கிட்டத்தட்ட 1000 கலோரியை, நான் கணக்கிலே எடுக்காமல் உண்டுவந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதன் சாரம் அந்தத் தராசில்தான் இருக்கிறது. சமைக்காத உணவில் நிறையைக் கூட்டுவதும் குறைப்பதும், எங்கள் ஊரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தேங்காயின் அளவைக் கூட்டிக் குறைப்பதே.

ஏன் அப்படி?

பழங்களிலும் மரக்கறிகளிலும் பெரும்பகுதி நீர். கெக்கரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர் என்பதால் 100 கிராமில் 15 கலோரிதான் கிடைக்கும்; வத்தகப்பழத்தில் 30, பப்பாசியில் 43, மாம்பழத்தில் 60, வாழைப்பழத்தில் 90 அளவில் இருக்கும். வெண்ணெய்ப்பழத்தில் அது 160 ஆகி, தேங்காயில் 350 ஆகி, கஜுவிலும் கச்சானிலும் 550ஐத் தாண்டிவிடுகிறது. முதலில் சொன்னவற்றை உண்ணும்போது வயிறு முந்திக்கொண்டு நிறைந்துவிடும். கடைசியில் சொன்னவற்றை உண்ணும்போது, வயிறு நிறைந்ததென்று உணரும் முன்பே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான கலோரி உள்ளே போய்விடும். இதனோடு இன்னொன்றும் சேருகிறது. வேகாத தாவர உணவில் கலச்சுவர்கள் குலையாமல் இருப்பதாலும், மாச்சத்து வெந்து இளகாததாலும், அதே அளவு உணவைச் சமைத்து உண்பதை விட உடலுக்குக் குறைவான சக்தியே கிடைக்கிறது. மெலிய விரும்புபவருக்கு இது வசதி. ஏற்கெனவே மெலிந்தவருக்கு இதுவே இடர்.

எங்கள் ஊர்ப் பிரட்ரிக் கோட்டைக்குள் திரிகின்ற மான்களைப் பார்த்திருப்பீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மேய்ந்துகொண்டோ அசைபோட்டுக்கொண்டோ இருக்கும். பச்சை இலையிலிருந்து ஓர் உடலை நடத்த அவற்றுக்கு நான்கு அறை கொண்ட வயிறு வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்த வசதியும் இல்லை, அவ்வளவு நேரமும் இல்லை. ஆகையால் இலையையும் காயையும் மட்டும் நம்பி எவரும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. கொழுப்பும் புரதமும் உள்ள பண்டங்கள் அளவோடு உடன் இருந்தே ஆக வேண்டும்.

தொடங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

உடற்றிணிவுச் சுட்டியை முதலில் கணித்துக்கொள்ளுங்கள். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 50.4 கிலோ என்பது 18.5 ஆகவும், 62.6 கிலோ என்பது 23 ஆகவும் வரும். 18.5இற்குக் கீழே போனால் நிறை போதாது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே நீரிழிவு, இதயநோய் போன்றவற்றின் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. எனவே 25 வரை கவலையில்லை என்ற பழைய கணக்கை நாம் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. உடற்றிணிவுச் சுட்டி ஏற்கெனவே 20இற்கும் கீழே இருப்பவர் முழுச் சமைக்காத உணவுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிழமைக்கு ஒரு முறை, அதே நாளில், காலைக்கடன் முடித்து எதுவும் உண்ணாமல் குடிக்காமல், அதே தராசில் நிறுங்கள். நாள்தோறும் ஏறி நிற்பவர்கள் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மகிழ்வார்கள் அல்லது மனம் உடைவார்கள், இரண்டாலும் பயனில்லை.

முதல் இரண்டு கிழமைகளில் விழுகின்ற நிறையைப் பெரிதாக எண்ண வேண்டாம். உடலில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து குறையும்போது, அது பிடித்துவைத்திருந்த நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. ஒன்றிரண்டு கிலோ அப்படியே போய்விடும். கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்துவிட்டு, பாரணை முடிந்த மூன்றாம் நாளே பழைய நிறைக்கு வந்து நிற்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் இழந்ததும் திரும்பப் பெற்றதும் பெரும்பாலும் நீரே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7700 கலோரி அளவு இருப்பதால், கிழமைக்கு அரைக் கிலோ கொழுப்புக் குறைய நாளொன்றுக்கு 550 கலோரி குறைய வேண்டும். நான் முழுத் தேங்காயிலிருந்து 60 கிராமுக்கு இறங்கியபோது குறைந்தது 770 கலோரி. வேறெதையும் மாற்றாமலே நிறை மீண்டும் இறங்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஒரு நாளுக்கான தட்டு

நிறை குறைய வேண்டிய, அலுவலக வேலை செய்கின்ற ஒருவருக்கு நான் எழுதித் தருகின்ற நாள் இது. காலையில் 400 கிராம் பப்பாசி, இரண்டு கதலி வாழைப்பழம், 50 கிராம் உலர்பயறு ஊறவைத்து முளைத்தது, அதன் மேல் 30 கிராம் தேங்காய்ப்பூ. மதியம் 200 கிராம் கெக்கரிக்காய், ஒரு கரட், ஒரு தக்காளி, ஒரு பிடி வல்லாரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, உப்பு, இன்னுமொரு 30 கிராம் தேங்காய்ப்பூ, 30 கிராம் ஊறவைத்த கச்சான். பின்னேரம் இரண்டு கொய்யா. இரவில் ஒரு மாம்பழம், இரண்டு வாழைப்பழம், பாதி வெண்ணெய்ப்பழம். எல்லாம் சேர்த்து 1450 கலோரி அளவில் வரும். ஆனால் அத்தனையையும் ஒரு பாத்திரத்தில் போட்டு நிறுத்தால் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டும். மென்று முடிக்க நேரம் எடுக்கும். பசியோடு இருப்பதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த அளவைத் தட்டில் போடாமலே, இரண்டு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் சம்பலும் உண்டுவிட்டுப் பின்னேரம் மயங்குகிறார்கள்.

இந்தத் தட்டில் எனக்குத் திருப்தியில்லாத இடம் புரதம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் அளவு வேண்டும். மேலே உள்ளதில் 40ஐ எட்டுவதே கடினம். பயறை 80 கிராமாக்கலாம். அல்லது ஒரு கிண்ணம் தயிர் சேர்க்கலாம். பாலைக் காய்ச்சித்தான் தயிர் உறைய வைக்கிறார்கள் என்பதால் கடுமையான பச்சை உணவுக்காரர்கள் அதை ஏற்கமாட்டார்கள். நான் ஏற்கிறேன். எருமைத் தயிரில் கொழுப்புக் கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முட்டியிலிருந்து அள்ளாமல் கிண்ணத்தில் போட்டு உண்ணுங்கள், பாணி வேண்டாம்.

பயறு முளைக்கவைப்பதில் எங்கள் வெயில் உதவியும் செய்யும், கெடுதியும் செய்யும். இரவில் எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் சுத்தமான நீரில் அலசினால், வைகாசி ஆனி வெக்கையில் ஒரே நாளில் அரை விரற்கடை முளை வந்துவிடும். அதற்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. துணியை அவிழ்க்கும்போது வழுவழுப்போ புளித்த வாடையோ இருந்தால் கோழிக்குக்கூடப் போடாமல் எறியுங்கள். விதை முளைக்கின்ற அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் விருந்து. 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்திலிருந்து பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகையால் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் முளைப்பயறை அவித்தே உண்ண வேண்டும்; கொள்கை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம்.

கூட்டுவதும் குறைப்பதும்

30 கிராம் தேங்காய்ப்பூ என்பது என் கைக்கு ஒரு பிடி. ஏறக்குறைய 105 கலோரி. உங்கள் கைப்பிடி எவ்வளவு என்பதை ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு தராசு தேவைப்படாது. மூன்றாம் கிழமைக்குப் பிறகும் கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் நாளுக்கு இரண்டு பிடி கூட்டுங்கள். மூன்று கிழமைகள் தொடர்ந்து ஊசி அசையாமல் நின்றால் ஒரு பிடி குறையுங்கள். கொழுப்பை முற்றாக நீக்கிவிட வேண்டாம். கரட்டிலும் கீரையிலும் உள்ள விற்றமின் ஏ ஆக மாறும் சத்தை உடல் உறிஞ்சுவதற்கே சிறிது கொழுப்பு வேண்டும்.

தேங்காயைக் குறைத்தும் நிறை இறங்காதவர்கள் மூன்று இடங்களில் தேட வேண்டும். ஒன்று பேரீச்சம்பழம்: நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் நண்பர்கள் வீட்டிலிருந்து வரும் பெட்டி மேசையிலேயே திறந்தபடி கிடக்கும், 100 கிராமுக்கு 280 கலோரி என்று யாரும் நினைப்பதில்லை. மற்றொன்று பழச்சாறு: ஒரு குவளைக்கு மூன்று நான்கு தோடம்பழம் போகும், அவற்றை உரித்து உண்டிருந்தால் இரண்டோடு போதுமென்றிருக்கும். மூன்றாவது, சம்பலின் மேல் ஊற்றுகின்ற எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி உண்டு, அது பச்சையாக ஆட்டிய எண்ணெயாக இருந்தாலும் சரிதான். இளநீர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது 100 மில்லிலீற்றருக்கு 20 கலோரிக்கு உட்பட்டது. வழுக்கையைச் சுரண்டி உண்ணும்வரை அதனால் கணக்கு ஏறாது.

மெலிவு கூடிப்போனால்

குறைவதை நிறுத்துவது குறைப்பதை விடக் கடினம் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நம்புவதில்லை. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுநாள் பச்சை உணவு உண்டுவந்த 216 ஆண்களையும் 297 பெண்களையும் கேட்டறிந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் இழந்திருந்தார்கள். பெண்களில் நான்கில் ஒருவர் நிறை போதாதவராக இருந்தார். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதமானோருக்கு மாதவிடாய் ஓரளவோ முற்றாகவோ நின்றிருந்தது. மாதவிடாய் தவறுவது, உடம்பு எந்நேரமும் குளிர்வது, தலைமுடி கொத்தாகக் கொட்டுவது, எழும்பும்போது கண் இருட்டுவது ஆகியவை கழிவு வெளியேறுகின்ற அறிகுறிகள் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அவை உணவு போதவில்லை என்பதற்கான அறிகுறிகள்.

என் விடயத்தில் இதை முதலில் கண்டது ஆய்வும் அல்ல, தராசும் அல்ல. ஆறாம் கிழமை முடிவில் வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டு மாமி, "என்ன பிள்ளை, கன்னம் ஒட்டிப்போச்சு, ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். நிறை குறைக்கிறேன் மாமி என்றேன். "குறைச்சது காணும். இனி இருக்கிறதைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகுதான் நான் அச்சத்தில் தேங்காயைக் கண்டபடி கூட்டினேன். திரும்பி வந்த மூன்று கிலோவின் கதை அங்கே தொடங்கியது. அளந்து கூட்டியிருந்தால் அது வந்திருக்காது.

நிறை கூட வேண்டியவர்கள் பழத்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை, வயிறு இடம் கொடுக்காது. கச்சான், எள்ளு, கஜு, வெண்ணெய்ப்பழம், தேங்காய் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். எள்ளையும் கச்சானையும் அரைத்து உண்டால் மெல்லாமல் வீணாகும் பங்கு குறையும். தம்பலகாமத்து வயலில் வேலை செய்பவருக்கோ வள்ளம் தள்ளுபவருக்கோ நாளுக்கு 3000 கலோரி வரை தேவைப்படலாம். அதை மேலே சொன்ன தட்டின் வழியில் பெற மூன்றரைக் கிலோ உணவை மெல்ல வேண்டும். அவர்களுக்கு முழுப் பச்சை உணவு பொருந்தாது என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

பச்சையாக உண்ணக்கூடாதவையும், வைத்தியரைக் கேட்க வேண்டியவர்களும்

மரவள்ளிக் கிழங்கையும் அதன் இலையையும் எக்காரணம் கொண்டும் பச்சையாக உண்ணாதீர்கள். அவற்றில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. சிவப்பு அவரை விதை வேகாமல் சில மணிகள் உட்போனாலே கடுமையான வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சேம்பு நாக்கை அரிக்கும். மெலிய வைக்கும் என்று சொல்லி வெறும் வயிற்றில் பிலிங்காய்ச் சாறு குடிப்பது சிறுநீரகத்தைப் பழுதாக்கும்; அதில் உள்ள ஒட்சாலிக் அமிலம் அங்கே படிகமாகிப் படிகிறது. சிறுநீரக நோயாளிகள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. இளநீரும் வாழைப்பழமும் பொற்றாசியம் மிக்கவை ஆதலால் அவற்றையும் கிளினிக்கில் கேட்டே உண்ண வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரென நிறுத்தினால், மருந்து பழைய அளவிலேயே வேலை செய்து இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மருந்தின் அளவை முதலில் வைத்தியர் மாற்றித் தர வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை எடுப்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும். விற்றமின் பி12 தாவர உணவில் கிடைக்காது. தயிரும் மீனும் முட்டையும் விட்டவர் மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். உப்பையும் சேர்த்துத் துறப்பவர்கள் அயடீனையும் துறக்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வல்லாரையும் பொன்னாங்காணியும் நீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் வளர்பவை. தண்டோடு பிரித்து, மூன்று முறை நிறைந்த நீரில் அலசி, கடைசி அலசலைக் கொதித்தாறிய நீரில் செய்யுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் புழு மிதந்து வரும், கிருமி சாகாது.

காலத்துக்கு ஏற்ப

ஆனி ஆடியில் இந்த உணவுமுறை எளிது. மாம்பழம் மலியும், காட்டோரத்துப் பாலைப்பழம் தெருவோரத்துக்கு வரும், நுங்கு கிடைக்கும், வெயிலில் பசியும் மந்தமாக இருக்கும். கார்த்திகை மார்கழி மழையில் கீரை அழுகி, மரக்கறி விலை ஏறி, சந்தையில் நம்பிக்கையாகக் கிடைப்பது வாழைப்பழமும் தேங்காயும் மட்டுமே என்றாகிவிடும்; குளிருக்குச் சூடாக ஏதாவது உண்ண மனமும் கேட்கும். அந்த மாதங்களில் நான் அடம் பிடிப்பதில்லை. காலையும் இரவும் சமைக்காத உணவு, மதியம் ஒரு கோப்பைச் சோறு, மீன் குழம்பு, ஒரு கீரை என்று மாற்றிக்கொள்கிறேன். உண்மையில் இப்போது ஆண்டு முழுவதும் அப்படித்தான் உண்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நிறை ஒரு கிலோவுக்கு மேல் ஆடவில்லை. சோற்றுக்குத் திரும்புகின்ற முதற் கிழமையில் ஒன்றிரண்டு கிலோ ஏறுவதைக் கண்டு பதற வேண்டாம். முன்பு போன நீர் திரும்பி வருகிறது, அவ்வளவே.

அருச்சனைத் தேங்காய் வீட்டுக்கு வந்தவுடன் அதைத் துருவி, 30 கிராம் வீதம் சிறு டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுகிறேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. துருவும்போது வாயில் போட்டுக்கொள்ளும் சொட்டுக்கு நான் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் துருவும் வேலையைச் சாப்பிட்டு முடித்த பிறகே வைத்துக்கொள்கிறேன்.